பிள்ளைகளோடு பட்டாசு வட்டாரத்தில்: விருதுநகர் முதல் ராஜபாளையம் வரை

விருதுநகரில் கிளம்பி சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் போனால் மொத்தம் 60 கிலோமீட்டர் அளவுதான் வரும். ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்குவதுதான் மலையேற்றம். தனி ஆளாக ஓட்டுகிறவர் விடியலில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ராஜபாளையத்தில் உட்கார்ந்துவிடலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதே தூரத்துக்கு நான்கு நாள் ஒதுக்கச் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் தூரத்தை வைத்துத் திட்டம் போட்டால் தப்பாகத்தான் முடியும். எந்த மாதம், வாரத்தில் எந்த நாள், காலையில் எத்தனை மணி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சாலையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

‘ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டரா?’ என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த ஜான், நான்சி வோகல் தம்பதி, பத்து வயது இரட்டைப் பையன்களோடு 2008 ஜூனில் அலாஸ்காவின் வடகோடியில் கிளம்பி 2011 மார்ச்சில் அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 27,000 கிலோமீட்டருக்கு மேல். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஓய்வு நாள், மழை நாள், காய்ச்சல் நாள் எல்லாவற்றையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர்கூட வராது. நாம் நான்கு நாள் போகிறோம். அவர்களைவிட வேகமாகப் போக வேண்டிய அவசரம் நமக்கு என்ன?

எந்த மாதம்

பொங்கல் முடிந்து, தை இரண்டாம் வாரத்திலிருந்து மாசி முடிய. என் முதல் சிபாரிசு இதுதான். காலையில் லேசான குளிர் இருக்கும், மழை விட்டிருக்கும், கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும், கொக்கும் நாரையும் இறங்கியிருக்கும். ‘அரையாண்டு விடுமுறையில் போகலாமே, பள்ளிக்கூடம் கெடாதே’ என்று தோன்றும். போகலாம். ஆனால் கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகச் சபரிமலை வண்டிகள் ராப்பகலாக ஓடும். இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடியற்காலையில் கண் சொருகும் ஓட்டுநர்களும், விடியற்காலையில் சைக்கிளை எடுக்கும் நீங்களும் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் இருப்பீர்கள். மகரவிளக்கு முடிந்தால் அந்தக் கூட்டம் வடிந்துவிடும். பொங்கல் விடுமுறையிலேயே கிளம்புகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பொங்கலன்று சின்ன ஊர்களில் டீக்கடைகூடத் திறந்திருக்காது.

பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். தங்க இடம் கிடைக்காது. சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம். வெயில் மட்டும் காரணமில்லை, மாலையில் கட்டும் இடிமழையும் காரணம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று பத்து வயதுப் பிள்ளையைச் சைக்கிளோடு நிறுத்திவிடும். அந்த மாதங்களில் போயே தீர வேண்டுமென்றால் இந்த அத்தியாயத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள்: ரயிலில் ராஜபாளையம் போய் இறங்கி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே விருதுநகர் நோக்கி வாருங்கள். அதுவும் ஆடிப் பதினெட்டுக்கு முன்னால். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் பட்டாசுக் கடைகள் பூஜை போட்டு விற்பனையைத் தொடங்கும். புத்தாண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாவதும் அந்த நாளை ஒட்டித்தான். அன்றிலிருந்து தீபாவளி வரை வெளியூர் வியாபாரிகளால் லாட்ஜுகள் நிரம்பியிருக்கும். சாலையில் லாரிகளும், பட்டாசு வாங்க வரும் வெளியூர்க் கார்களும் பெருகும். தீபாவளி முடிந்த கையோடு ஆலைகள் சில வாரம் மூடப்பட்டு, சாலை காலியாகும். அப்போது பார்த்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும்.

எத்தனை மணி

பட்டாசு வட்டாரத்துக்கு என்று ஒரு கடிகாரம் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் மருந்துக் கலவை வேலையை முடித்தாக வேண்டும் என்பதால் இங்கே வேலை சீக்கிரமே தொடங்கும். ஏழு மணி சுமாருக்கு ஊர் ஊராக வேன்களும் மினி பஸ்களும் தொழிலாளர்களை, பெரும்பாலும் பெண்களை, ஏற்றிக்கொண்டு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கும் பறக்கும். எட்டரைக்கு மேல் பள்ளிக்கூட வேன்கள். மாலை நான்கரைக்கு மேல் அதே வேன்கள் திரும்பும். ஓட்டுநர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; ஐந்து நிமிடம் தாமதமானால் அவருக்குத் திட்டு விழும். அந்த நேரத்தில் நாம் சாலையில் இல்லாமலிருப்பதுதான் வழி.

நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் வரத் தொடங்கியபின், அதாவது ஆறேகால் வாக்கில் கிளம்பி ஏழேகால் வரை ஓட்டுவது. பிறகு கண்ணில் படும் முதல் இட்லிக் கடையில் இறங்கிவிடுவது. சாப்பாடு, முகம் கழுவல், கக்கூஸ், கதை என்று ஒன்பது மணி வரை அங்கேயே. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை இரண்டாம் சுற்று. அதோடு அன்றைய ஓட்டம் முடிந்தது. மாலையில் மிச்சத்தை ஓட்டலாம் என்று ஆசை வரும். திரும்பும் வேன்களும் இடியும் அந்த நேரத்துக்குத்தான் வரும். காலையின் இந்த மூன்று மணி நேரத்தில் எட்டு வயதுப் பிள்ளை தன் சைக்கிளிலேயே 20, 25 கிலோமீட்டர் வந்துவிடும்.

விருதுநகர்–சிவகாசிச் சாலையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆலைகளுக்குப் பொதுவாக விடுமுறை என்பதால் வேன்கள் இருக்காது. இந்த நூலில் வேறு எந்த வழித்தடத்துக்கும் நான் கிழமை குறித்துக் கொடுத்ததில்லை.

எந்தச் சாலை

மதுரையிலிருந்து விருதுநகருக்குச் சைக்கிளில் வர வேண்டாம் என்பது என் கருத்து. தேசிய நெடுஞ்சாலை 44 நான்குவழிச் சாலை. ஓரம் அகலமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஓரத்திலேயே எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள்கள் வரும், லாரிகள் நிற்கும். நிற்கும் லாரியைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும் பிள்ளையை, பின்னால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் பார்க்காது. மதுரையிலிருந்து ரயிலில் விருதுநகர் வந்து இறங்குவதே உத்தமம். சைக்கிள்களை முன்கூட்டியே பார்சல் அலுவலகத்தில் பதிந்து அனுப்பலாம். எல்லா வண்டியிலும் ஏற்றமாட்டார்கள் என்பதால் முந்தின நாளே போய்க் கேட்டுவிடுங்கள்.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி 27 கிலோமீட்டர் அளவு. அங்கிருந்து மல்லி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் 20. ஸ்ரீவில்லிபுத்தூர்–ராஜபாளையம் 12, இது மட்டும் தேசிய நெடுஞ்சாலை 744, போக்குவரத்து அதிகம். இந்த வழித்தடத்தின் பெரிய வசதி, கூடவே ரயில் பாதை வருவது. விருதுநகர், திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் எல்லா ஊரிலும் நிலையம் உண்டு. பிள்ளைக்கு முடியவில்லையென்றால் அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு ரயிலேறிவிட, மற்றவர் சைக்கிள்களை மினி லாரியில் போட்டுக்கொண்டு வரலாம். பயணம் தோற்றதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

வரிசை முக்கியம். பெரியவர் ஒருவர் முன்னால், பிள்ளைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில். கடைசி ஆள் பிள்ளையின் கோட்டிலிருந்து ஒரு கை அகலம் வலப்பக்கம் தள்ளி ஓட்ட வேண்டும். பின்னால் வரும் வண்டி சுற்றிப் போக வேண்டியது உங்களை, பிள்ளையை இல்லை. ‘வண்டி’, ‘குழி’, ‘நில்லு’ என்று மூன்றே சொல் போதும். நீளமாகப் பேசினால் பிள்ளை திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்த்தால் ஹேண்டில் வலப்பக்கம் சாயும். இதை ஊரில் ஒரு மைதானத்தில் பழக்கிவிட்டு வாருங்கள்.

வண்டியும் முள்ளும்

தரை சமம் என்பதால் கியர் சைக்கிள் கட்டாயமில்லை. எட்டிலிருந்து பத்து வயது வரை 20 அல்லது 24 அங்குலச் சக்கரமுள்ள சாதாரண சைக்கிளே போதும். ஐந்து வயதுக்குக் கீழே கேரியர் சீட்டு. காலடி ஆரக்கம்பிக்குள் போகாதபடி தடுப்பு இருக்க வேண்டும், தோள்வார் இருக்க வேண்டும். முன்பக்கப் பாரில் மாட்டும் குட்டிச் சீட்டில் ஊரெல்லாம் பிள்ளையை வைத்து ஓட்டியவர்கள்தான் நாம் எல்லோரும், ஆனால் அதில் பிடிமானம் ஏதும் இல்லை. தெருவுக்குச் சரி, வெளிச்சாலைக்கு வேண்டாம். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அவ்வளவாக வியர்க்காது, அதனால் தாகம் தெரியாது, தூங்கித் தலை சாயும். ஓட்டுகிற பிள்ளையைவிட உட்கார்ந்து வருகிற பிள்ளையைத்தான் அடிக்கடி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இந்த மாவட்டத்தில் சைக்கிள்காரனுக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். சாலையோரம் முழுக்க அதுதான். வெட்டிய முள்ளை ஏற்றிப்போகும் வண்டிகள் சிந்திக்கொண்டே போகும். சைக்கிளை ஒருபோதும் தார்ச்சாலையை விட்டு மண்ணில் உருட்டி நிழலுக்குக் கொண்டுபோகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டயரை ஒரு சுற்று சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள். முள் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் பிடுங்கிவிட்டால் டியூப் தப்பும். பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள்.

பஞ்சர் ஒட்டும் கடை இங்கே பஞ்சமில்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவச சைக்கிள்கள் கிராமம் கிராமமாக ஓடுவதால், மற்ற இடங்களில் மூடிப்போன சைக்கிள் கடைகள் இங்கே இன்னும் பிழைத்திருக்கின்றன என்பது என் ஊகம். ஆனால் அங்கே இருக்கும் டியூப் உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். நாட்டு சைக்கிளின் 28 அங்குல ரிம்மும் புது மாடல் சைக்கிள்களின் 700சி ரிம்மும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும்; விட்டம் 635, 622 மில்லிமீட்டர் என்று வேறுபடும், டயர் மாறாது. வால்டியூப் வைத்த நாட்டு வால்வுக்கு எல்லாக் கடையிலும் பம்பு உண்டு. மோட்டார் சைக்கிள் வால்வு போன்றதென்றால் எந்த டூவீலர் பஞ்சர் கடையும் காற்றடிக்கும். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் ஒரு அடாப்டரைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சக்கர அளவுக்கும் இரண்டு டியூப் கையில் இருக்கட்டும்.

மழை பெய்திருந்தால் கரிசல் மண்ணில் இறங்கவே கூடாது. பத்தடி போவதற்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பி, சக்கரம் இறுகிவிடும். மாட்டிக்கொண்டால் குச்சியால் சுரண்டுவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

தண்ணீரும் தீனியும்

பிள்ளை ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். கேன் தண்ணீர் எல்லா ஊரிலும் கிடைக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சிறிய கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து. மாசிக்கு மேல் நுங்கும் பதநீரும் வரத் தொடங்கும். சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சை விடவே கூடாது. பயணத் தீனிக்கு சாத்தூர் காராச்சேவு. வியர்வையில் போன உப்பை அது திருப்பித் தந்துவிடும். பாட்டிகளும் மருத்துவர்களும் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை ஓட்டம் முடிந்த மாலையில் சாப்பிடுங்கள். சாப்பிட்டபின் எவராலும் சைக்கிள் மிதிக்க முடியாது.

வழிநெடுக விசாரணை இருக்கும். “ஏந்தாயி, பச்சப் பிள்ளைகள இப்பிடி வெயில்ல கூட்டிட்டு அலையுறீகளே, பஸ்ஸு ஏதும் ஓடலையா?” என்று கடைக்கார அம்மா கேட்பார். சைக்கிள் பயணத்தின் மகிமையை அவருக்கு விளக்க முயல வேண்டாம். “ஆண்டாள் கோயிலுக்குப் போறோம்மா” என்றால் அடுத்த நிமிடம் மோர் வரும். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்தே போகிற ஊர் இது. நேர்த்திக்கடன் என்றால் எல்லோருக்கும் புரியும். பொய் சொல்லவும் வேண்டியதில்லை, கோயில் வழியில்தான் இருக்கிறது.

பட்டாசு ஆலைகளுக்கு நடுவே

நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் தயாராகிறது. சாலையிலிருந்து பார்த்தால் பொட்டலில் வேப்ப மரங்களும், ஒன்றையொன்று விட்டுத் தள்ளித் தள்ளிக் கட்டிய சிறுசிறு அறைகளும் தெரியும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக்கூடாது, உள்ளே இருப்பவர் எந்தப் பக்கமும் ஓட வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளியும் அத்தனை கதவுகளும். பிள்ளைகளுக்கு இதை ஓட்டத்தின் நடுவே சுட்டிக் காட்டாதீர்கள், நிறுத்தத்தில் சொல்லுங்கள்.

உள்ளே பார்க்க அனுமதி கேட்க வேண்டாம். வெடிபொருள் விதிகளின்படி பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் உரிமம் பெற்ற வளாகத்துக்குள் போகவே கூடாது. வேலி தெரிகிற இடத்தில் கூடாரம் போடாதீர்கள், அடுப்புப் பற்றவைக்காதீர்கள், பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் விடுதி போய்ச் சேரும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் கிடக்கும் காகிதக் குழல், திரி, வண்ண மணிபோல் உருண்டைகள் எதையும் பிள்ளைகள் கையால் தொடக்கூடாது. கழிவு மருந்து காய்ந்து கிடந்தால் உரசலே போதும். ‘கீழே கிடப்பது எதையும் எடுக்காதே’ என்ற விதியை விருதுநகரில் சொல்லி ராஜபாளையம் வரை தளர்த்தாமல் வைத்திருங்கள்.

இடி. மின்னலைப் பார்த்து முப்பது எண்ணுவதற்குள் முழக்கம் கேட்டால் ஓட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி முழக்கத்துக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது. பொட்டல்காட்டில் சைக்கிளில் இருக்கும் ஆள்தான் அங்கே உயரமான பொருள். மரத்தடி ஆகாது, பஸ்ஸோ காரோ வந்தால் கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொள்ளலாம். மின்னல் விழுந்து ஆலைகளில் வெடித்த சம்பவங்கள் உண்டு. எனவே ஒதுங்குமிடம் எதுவானாலும் ஆலைச் சுவரோரமாக இருக்க வேண்டாம்.

வெடிச் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லியாக வேண்டும். எப்போதாவது சோதனை வெடியாக இருக்கலாம். ஆனால் தொடர்ந்து சத்தமும் புகைத் தூணும் எழுந்தால், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடுங்கள். வேடிக்கை பார்க்கவும் போக வேண்டாம், உதவி செய்யவும் போக வேண்டாம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள், அடுத்து வெடித்ததில் சிக்கிக்கொண்டவர்கள். பிள்ளைகளோடு இருக்கும் உங்களால் அங்கே செய்யக்கூடிய ஒரே உதவி சாலையைக் காலி செய்வது. தீயணைப்பு வண்டியும் 108ம் அந்தக் குறுகிய சாலையில்தான் வர வேண்டும். சைக்கிள்களைச் சாலையை விட்டு இறக்கி, அவை போய் முடியும் வரை நில்லுங்கள். படம் எடுக்காதீர்கள்.

பட்டாசு வாங்கிப் போக வேண்டும் என்று பிள்ளைகள் கட்டாயம் அடம் பிடிப்பார்கள். சைக்கிள் கேரியரில் வெயிலில் கட்டிக்கொண்டு போகிற சாமான் இல்லை அது. ரயிலில் கொண்டுபோவது குற்றம், வழக்கு பதிவாகும். இதற்கு மாற்றாக நான் கண்ட வழி, லேபிள்கள். தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களில் அணில், மயில், சினிமா முகம், ராக்கெட் என்று இல்லாத படமில்லை. கடைகளில் காலிப் பெட்டிகளைக் கேட்டால் சிரித்துக்கொண்டே தருவார்கள். ஒரு நோட்டில் ஒட்டிக்கொண்டே வந்தால் நான்கு நாளும் அதிலேயே போய்விடும்.

நாள் நாளாக

சனிக்கிழமை விருதுநகரில் இறங்குங்கள். ஓட்டம் வேண்டாம். சைக்கிள்களைச் சரிபார்த்துவிட்டு, மாலையில் காமராசர் பிறந்த வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். 1903இல் அந்த வீட்டில் பிறந்தவர், பன்னிரண்டு வயது வாக்கில் படிப்பை விட்டு மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். முதலமைச்சரானபின் பள்ளிகளில் மதிய உணவு போட்டார். இதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது. அடுத்த நாளே ஒரு கேள்வி வரப்போகிறது.

ஞாயிறு, சிவகாசி. ஆமத்தூரில் காலைச் சாப்பாடு, திருத்தங்கலில் இரண்டாவது நிறுத்தம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நின்ற நாராயணப் பெருமாள் கோயில் அங்கே குன்றின்மேல் இருக்கிறது. பூட்டிய சைக்கிள்களுக்கு ஒருவர் காவல் இருக்க, மற்றவர்கள் படியேறி வரலாம். மேலிருந்து பார்த்தால் அடுத்துப் போக வேண்டிய மேற்குத் திசை மலை தெரியும்.

சிவகாசியில்தான் அந்தக் கேள்வி வரும்: ‘பட்டாசு யார் செய்யுறாங்க?’ ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லலாம் என்பது என் எண்ணம். 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து இங்கே தொடங்கியதையும், மழை பொய்த்த கரிசல் காட்டு ஜனங்களுக்கு அது சோறு போட்டதையும் சொல்லுங்கள். அந்தச் சோற்றுக்கு ஒரு காலத்தில் உங்கள் பிள்ளை வயதுப் பிள்ளைகள் விடியுமுன்னே வண்டியேறிப் போனதையும் மறைக்காதீர்கள். 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று அதைப் பற்றி ஆவணப்படமே வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் வேலைக்கு வைத்த பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்று சாலையில் சீருடையோடு சைக்கிளில் போகும் பெண்பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள். அவர்களிடம் நீங்களாக இதைக் கிளற வேண்டாம். அவர்களே பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை ஓட வேண்டாம், வாரத்தின் முதல் வேலைநாள் சாலை நமக்கு ஆகாது. சிவகாசியிலேயே தங்கி, காலண்டர், நோட்டு அச்சடிக்கும் அச்சகம் ஏதாவது ஒன்றில் தலைகாட்டுங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். வெட்டும் இயந்திரத்திலிருந்து மட்டும் பிள்ளைகளை விலக்கி நிறுத்துங்கள். பெரிய பிள்ளைகள் இருந்தால் பஸ்ஸில் வெம்பக்கோட்டை போய் வரலாம். வைப்பாற்றங்கரையில் 2022 முதல் அகழாய்வு நடந்த மேடு அங்கே. கண்ணாடி மணிகள், சங்கு வளையல்கள், விளையாட்டுச் சில்லுகள் கிடைத்த இடம். சைக்கிளில் போகாதீர்கள், அந்தச் சாலையில் ஆலை வண்டிகள் அதிகம்.

செவ்வாய், ஸ்ரீவில்லிபுத்தூர். தொழிலாளர் வேன்கள் அடங்கியபின் ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் போதும், 20 கிலோமீட்டர்தான். மல்லியில் இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் கொஞ்ச தூரத்தில் ஆண்டாள் கோயிலின் 192 அடி ராஜகோபுரம் தென்படத் தொடங்கும். யார் முதலில் கோபுரத்தைப் பார்ப்பது என்று பந்தயம் கட்டுங்கள். கடைசி ஐந்து கிலோமீட்டர் முனகல் இல்லாமல் போகும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை அன்றே சூடாகச் சாப்பிடுங்கள், மூட்டை கட்டாதீர்கள், வெயிலில் கெட்டுவிடும். செண்பகத்தோப்புக்குப் போவதாக இருந்தால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு, ஆட்டோவில், பகலில். சாம்பல் நிற அணில்களைப் பிள்ளைகள் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அடிவாரத் தோப்புகளில் யானை இறங்கும், பொழுது சாய்ந்தபின் சைக்கிளுக்கு அங்கே வேலையில்லை.

புதன், ராஜபாளையம். 12 கிலோமீட்டர். நெடுஞ்சாலை என்பதால் வரிசையைக் குலைக்காமல், பாதி வழியில் ஒரு நிறுத்தத்தோடு முடித்துவிடலாம். நாய் துரத்தினால் மிதிக்காமல் நின்றுவிடச் சொல்லுங்கள்; நின்றால் பெரும்பாலான நாய்க்கு ஆர்வம் போய்விடும். சைக்கிளை நடுவில் வைத்து அதன் மறுபக்கம் நின்றுகொள்ள வேண்டும். கடித்தால், பல் பட்டிருந்தால்கூட, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனை. தடுப்பூசி அங்கே இலவசம்.

ராஜபாளையத்திலிருந்து ரயிலேறி ஊர் திரும்பலாம். சென்னைக்காரர்களுக்கு மாலையில் பொதிகை விரைவு வண்டி வசதி. தென்காசி வரை தொடர்கிறவர்கள் இங்கேயே ஒரு நாள் நின்று பிரேக் கட்டை, டியூப், செயின் எண்ணெய் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேத்தூர், சிவகிரி, புளியங்குடி வழியாகப் போகும் அடுத்த 60 சொச்சம் கிலோமீட்டரும் இதே 744தான். மலையை ஒட்டியே போவதால் நிழலும் தண்ணீரும் கூடும், வண்டிகளும் கூடும்.